ஸ்போர்ட்ஸ் கார் பெயின்ட்: எவ்வளவு கழுவலாம், எப்போது பாலிஷ் போடலாம்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் பலர் முதல் மாதத்திலேயே பாலிஷ் மெஷின் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதக் கூலிக்கு விடியற்காலையில் நடக்கும் ஈரத்துணித் துடைப்பு. ஒரே வாளி, ஒரே துணி, வரிசையாகப் பத்துக் கார். முந்தைய கார்களின் மண்ணைச் சுமந்துகொண்டு அந்தத் துணி உங்கள் காரில் ஏறுகிறது. கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். ஸ்வர்ல் மார்க் என்று சொல்வது இதைத்தான். சாலையில் ஓடி வருவது கொஞ்சம்தான். பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் உண்டானவை. தூசி தட்டும் இறகுத் துடைப்பமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது கறுப்பு நிற போர்ஷே 911, 992 தலைமுறை கேரெரா. மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். மேட் பெயின்ட் மட்டும் விதிவிலக்கு: அதற்குப் பாலிஷ், வாக்ஸ் எதுவும் கூடாது. தேய்த்த இடம் பளபளத்துப்போனால் திரும்ப மேட் ஆக்க வழியில்லை, அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

கையிருப்பு எவ்வளவு?

தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட். கம்பெனிப் பெயின்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50. பளபளப்பும் கீறல்களும் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானங்களும் இதற்குள்தான்.

பாலிஷ் போடுவது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டை அதன் ஆழத்துக்குச் சீவி எடுக்கிறது. மென்மையான பாலிஷ் ஒன்றிரண்டு மைக்ரான் எடுக்கும், கடுமையான காம்பவுண்ட் மூன்று முதல் ஐந்து வரை எடுக்கும். காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 7, 8 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் புழங்கும் எச்சரிக்கைக் கணக்கு. அதைத் தாண்டினால் உடனே ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் வெயிலில் நின்றபின் கிளியர் கோட் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். ஆகவே கழுவுவதில் எவ்வளவு பொறுமை வேண்டுமானாலும் காட்டலாம். பாலிஷில் கஞ்சத்தனம்தான் நல்லது.

தண்ணீரை முதலில் சோதியுங்கள்

தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னையில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் 1000 பிபிஎம்மைத் தாண்டும். அந்தத் தண்ணீர் போனட்டில் காய்ந்தால் சுண்ணாம்பு வட்டம் விழும். வெயிலில் சுட்ட பெயின்டின் மேல் காய்ந்தால் வட்டம் கிளியர் கோட்டையே அரித்துவிடும், அதன்பிறகு துடைத்துப் போகாது. வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருந்தால் டிடிஎஸ் எண் குறையாது. ஆனால் கால்சியத்தின் இடத்தில் சோடியம் வந்திருப்பதால் கறை எளிதாகத் துடைபடும்.

கழுவ எந்தத் தண்ணீரும் ஆகும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும். குடிக்க வாங்கும் 20 லிட்டர் கேன் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர். அதில் பாதியைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரில் ஊற்றி ரூஃபிலிருந்து கீழாக அடித்தால் 911 அளவுள்ள காருக்குத் தாராளம். கேனையும் ஒருமுறை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

15 முதல் 20 லிட்டர் வாளி மூன்று: ஒன்று ஷாம்பூவுக்கு, ஒன்று அலச, ஒன்று சக்கரத்துக்கு மட்டும். முதல் இரண்டிலும் அடியில் கிரிட் கார்டு வேண்டும். மிட்டிலிருந்து உதிரும் மண் இந்த வலைத்தட்டுக்குக் கீழே தங்கிவிடும், திரும்ப மேலே கலங்காது. கையுறை போல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் வாஷ் மிட் இரண்டு, சக்கரத்துக்குத் தனியாக ஒன்று. ஸ்பாஞ்ச் வேண்டாம், அதன் முகம் தட்டையானது, மண் உள்ளே போக இடமில்லாமல் பெயின்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே உருளும். பிஹெச் சமநிலையுள்ள கார் ஷாம்பூ. பாத்திரம் கழுவும் திரவம் வாக்ஸை உரித்துவிடும், ரப்பர் பீடிங்கையும் வறட்டும். உலர்த்துவதற்கு 60க்கு 90 செ.மீ. அளவில் முறுக்கு நூல் மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு. பழைய பனியன் துணியும் செமாய் தோலும் கராஜில் வேறு வேலைக்கு இருக்கட்டும்.

பிரஷர் வாஷர் இருந்தால் நல்லது. 80 முதல் 110 பார் போதும், 25 அல்லது 40 டிகிரி விசிறி நாசில் போட்டு, பெயின்டிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கல் பட்டுத் தெறித்த இடத்தின் விளிம்பில் கிட்டே அடித்தால் தண்ணீர் பெயின்டுக்கு அடியில் புகுந்து பெயர்த்துவிடும். பிபிஎஃப் (பெயின்டைக் காக்கும் ஒளிபுகும் படலம்) ஒட்டிய ஓரங்களுக்கும் துணிக்கூரைக்கும் இன்னும் தூரம் வேண்டும்.

கழுவும் வரிசை

நிழலில், காலை எட்டு மணிக்குள் அல்லது சாயங்காலம். புறங்கையை வைத்துப் பாருங்கள், தகடு குளிர்ந்திருக்க வேண்டும். 911-இல் டிக்கி முன்னால், இன்ஜின் பின்னால். ஓட்டி வந்ததும் கழுவினால் முன்பக்கம் குளிர்ந்திருக்கும்போதே பின்மூடி சூடாக இருக்கும், ஷாம்பூ அங்கேதான் காய்ந்து கறையாகும். ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

முதல் வேலை சக்கரம். மேலே கழுவி முடித்துவிட்டுச் சக்கரத்துக்கு வந்தால் பிரேக் தூள் சுத்தமான கதவில் தெறிக்கும். குளிர்ந்த வீலில் அயர்ன் ரிமூவர் தெளித்தால் மூன்று நான்கு நிமிடத்தில் ஊதா நிறத்தில் வழியும். பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் வந்த இரும்புத் தூள் கரைகிறது என்று அர்த்தம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது இயல்பு. காய விடாமல் மென்மையான பிரஷால் தேய்த்து, ஸ்போக்கின் பின்புறம் வரை அலசுங்கள்.

அடுத்து, கையே படாமல் எவ்வளவு மண்ணை இறக்க முடியுமோ அவ்வளவும் இறக்க வேண்டும். முழு முறையில் அதிக நேரம் கேட்கும் கட்டம் இது. புதியவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்த பிறகு ஃபோம் கேனனில் 100 மி.லி. ஸ்நோ ஃபோமும் 900 மி.லி. தண்ணீரும் ஊற்றிக் கார் முழுக்க நுரை போர்த்துங்கள். ஐந்து நிமிடம், காயும் முன் அலசல். 911-இன் பின் சக்கரத்துக்கு முன்னால் பிதுங்கி நிற்கும் இடுப்புப் பகுதியையும், கதவின் அடி விளிம்பையும், முன் பம்பரின் காற்று வாய்களையும் இரண்டாம் முறை அலசுங்கள். அகலமான, ஒட்டும் ரப்பர் டயர்கள் மண்ணையும் தாரையும் அள்ளி வீசுவது அங்கேதான். பின் ஸ்பாய்லரை உயர்த்தி அடியிலும் அலசலாம். இன்ஜின் மூடியின் கிரில்லுக்குள் நேராகப் பீய்ச்ச வேண்டாம்; தண்ணீர் வழிந்து போனால் போதும்.

இப்போதுதான் மிட். லேபிளில் சொன்ன அளவு ஷாம்பூ போதும், கூட்டினால் வழவழப்பு அதிகமாகாது, அலசத்தான் கஷ்டமாகும். ரூஃப், கண்ணாடிகள், முன்மூடி, இன்ஜின் மூடி, கதவின் மேல்பாதி என்ற வரிசையில் வாருங்கள். அரைப் பேனல் முடிந்ததும் மிட்டை அலசும் வாளியில் கிரிட் கார்டின் மேல் தேய்த்து, பிழிந்து, பிறகு ஷாம்பூ வாளியில் முக்குங்கள். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். தப்பித் தவறிக் கீறல் விழுந்தாலும் ஒரே திசைக் கீறல் எல்லாக் கோணத்திலும் கண்ணில் படாது. அழுத்த வேண்டாம், மிட்டின் எடையே போதும். கதவின் கீழ்ப்பாதி, பின் இடுப்பு, பம்பர்கள் எல்லாம் இரண்டாவது மிட்டின் பங்கு. மிட் தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை ஒதுக்கிவிடுங்கள். அலசினால் போய்விடும் என்று நினைக்கும் அந்த ஒரு மணல்தான் கதவின் நீளத்துக்குக் கோடு போடும்.

கடைசி அலசலில் ஹோஸின் நாசிலைக் கழற்றிவிட்டு, தண்ணீரை ரூஃபிலிருந்து மெதுவாக ஓடவிடுங்கள். துளித்துளியாகத் தங்காமல் ஒரே படலமாக வழிந்து இறங்கும், துடைக்க வேண்டிய நீர் பாதியாகக் குறையும். அதன் மேல் கேன் தண்ணீர். துண்டை விரித்துப் பேனலில் படுக்கவைத்து ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி இடுக்கு, கதவுக் கைப்பிடிக் குழி, விளக்கு ஓரம், கிரில் இவற்றிலிருந்து தண்ணீர் பின்னால் வழிந்து கோடு விழும். சின்ன ப்ளோயர் இருந்தால் ஊதிவிடுங்கள். முடிந்ததும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, நடுவில் மெல்லப் பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்துங்கள். இரும்பு டிஸ்க்கில் உடனே தெரியும் பழுப்பு அதோடு போய்விடும்.

பிரஷர் வாஷர் ஓட்டத் தண்ணீர் இல்லாத, அடுக்குமாடியின் அடித்தளத்தில் நிற்கும் காருக்கு ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது பிறகு அலசத் தேவையில்லாத கழுவல், நல்ல மாற்று. பத்து லிட்டர் தண்ணீரில் 40 மி.லி. என்பது பரவலான கலவை, லேபிளையும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணிகளை அதிலேயே ஊறவைத்து, பேனலுக்கு ஒன்றாக எடுத்து, மடித்த ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்துங்கள். அழுக்கான துணி வாளிக்குத் திரும்பக் கூடாது. லேசான தூசிக்கு மட்டுமே இது. மழையில் ஓடிச் சேறு அப்பிய காருக்கு உதவாது.

காக்கை, புறா எச்சம் வாரக் கழுவலுக்குக் காத்திருக்காது. சூட்டில் விரியும் கிளியர் கோட் ஆறும்போது காய்ந்த எச்சத்தோடு சேர்ந்து இறுகிப் பள்ளமாகிவிடும், ஒரு மதிய வெயிலே போதும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், பறவை தின்ற மணலும் அதில் இருக்கும். நனைத்த டிஷ்யூவை ஐந்து நிமிடம் மேலே போட்டு, ஊறிய பின் தூக்கி எடுங்கள்.

கழுவியும் சொரசொரப்பாக இருந்தால்

மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, ஈரமான சுத்தப் பெயின்டில் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத துகள்கள் தட்டுப்படும். முதலில் அயர்ன் ரிமூவர், பிறகு தார் ரிமூவர், கடைசியில் க்ளே, அதாவது ஒட்டிய துகள்களைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி. வேதிப்பொருள் கரைக்க வேண்டியதைக் கரைத்த பிறகு மிஞ்சியதை மட்டும் க்ளே எடுத்தால் பெயின்டுக்கு உரசல் குறைவு.

ஃபைன் வகை க்ளே 100 கிராம் கட்டியை மூன்றாகப் பிரித்து, ஒன்றை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுங்கள். 50 செ.மீ. சதுரத்தில் க்ளே லூப்ரிகன்ட் தாராளமாகத் தெளித்து, விரல் நுனியால் அழுத்தாமல் நேர்கோட்டில் நகர்த்துங்கள். ஆரம்பத்தில் தடுக்கும், சத்தம் வரும். வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் மடித்துப் புது முகம் எடுக்க வேண்டும். கீழே விழுந்த துண்டு குப்பைக்கு.

ஒரு விஷயத்தை விற்பவர்கள் சொல்வதில்லை: கறுப்புக் காரில் ஃபைன் க்ளே கூட மங்கலான உரசல் தடம் விடும். பாலிஷ் போடும் திட்டம் இல்லாத ஆண்டில் முழுக் காருக்கும் க்ளே போடாதீர்கள். சொரசொரப்பான பேனலுக்கு மட்டும் போதும்.

பாலிஷ்: ஒரு சதுரத்தில் ஆரம்பியுங்கள்

பெயின்டின் தடிமனைக் கேஜால் அளக்காமல் தொடாதீர்கள். இந்தத் தலைமுறை 911-இல் முன், பின் பகுதிகள் தவிர வெளித்தோல் முழுக்க அலுமினியம். காந்தத்தை நம்பும் மலிவான கேஜ் இதில் எண்ணே காட்டாது. இரும்பல்லாத உலோகத்தையும் படிக்கும் வகை வேண்டும். பேனலுக்கு ஐந்தாறு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 180, 200 மைக்ரானைத் தாண்டினால் அந்தப் பேனல் மறுபெயின்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பல நூறு காட்டினால் அடியில் பட்டி இருக்கலாம். 90-க்குக் கீழே இறங்கினால் காம்பவுண்டை மறந்துவிடுங்கள். கேஜ் காட்டுவது மொத்தத் தடிமன் மட்டுமே, கிளியர் கோட் தனியாக எவ்வளவு என்று அது சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலைக்காகாது.

நகத்தால் வருடினால் தட்டுப்படும் கீறல் பாலிஷில் போகாது, போகும்வரை தேய்த்தால் கிளியர் கோட் போய்விடும். அதை டச்-அப் பெயின்டுக்கு விடுங்கள்.

கருவி, டூயல் ஆக்ஷன் பாலிஷர் (சுழன்றுகொண்டே அதிரும் வகை), பேட் ஒட்டுவதற்கு 5 அங்குல பேக்கிங் பிளேட். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் பழகாத கையில் ஹோலோகிராம் தடம் (வெளிச்சத்தில் அசைவது போலத் தெரியும் வளைவுத் தடம்) விடும், விளிம்பைக் கண்மூடித் திறப்பதற்குள் சுட்டுவிடும். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், பேட் சுழல்கிறதா வெறுமனே அதிர்கிறதா என்று தெரியும். சுழல்வது நின்றால் அழுத்தம் அதிகம் அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

முன்மூடியின் நடுவில் 50 செ.மீ. சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். இருப்பதிலேயே மென்மையான கூட்டணியில் தொடங்குங்கள்: மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். புதுப் பேடில் பட்டாணி அளவு நான்கைந்து சொட்டு. வேகம் 1-இல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றி, வினாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. நகர்த்தி, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு, முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக. இப்படி நான்கு முதல் ஆறு முறை. 300 முதல் 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) மைக்ரோஃபைபரால் துடையுங்கள்.

துடைத்ததும் தெரியும் பளபளப்பை நம்பாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை மறைத்துக்கொண்டிருக்கும். 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 200 மி.லி.யோடு 700 மி.லி. ஆர்ஓ தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 15 சதவீதக் கரைசல். அதைத் தெளித்துத் துடைத்துவிட்டு, எல்இடி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுக் கீறல் மறைந்திருந்தால் அதுதான் உங்கள் கூட்டணி, கார் முழுக்க அதையே போடுங்கள். மறையவில்லை என்றால் முதலில் பேடை ஒரு படி கடினமாக்குங்கள், அப்போதும் போதாவிட்டால் காம்பவுண்டுக்குப் போங்கள். சாலையில் ஓடும் காருக்கு எண்பது சதவீதம் போதும். மிச்ச இருபதைத் துரத்தும்போதுதான் மைக்ரான்கள் வீணாகின்றன.

கூர்மையான விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் மெலிந்திருக்கும். டேப் ஒட்டிவிட்டு, பேடை அங்கே தூக்கிக்கொள்ளுங்கள். பல 911-களில் பின் சக்கரத்துக்கு முன்னால் கம்பெனியே ஒட்டிய ஒளிபுகும் கல்தடுப்புப் படலம் இருக்கும். அதைப் பெயின்ட் என்று நினைத்து ஓரத்தில் பேடை ஏற்றினால் உரிந்து வரும். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது. அலுமினியத்தில் ஆறு முறை போனால் பம்பரில் மூன்று முறை, நடுவில் கை வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூடு என்றால் நிறுத்துங்கள். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷால் சுத்தம் செய்யாவிட்டால் சீவிய தூளும் காய்ந்த பாலிஷும் சேர்ந்து புதுக் கீறல் போடும். காருக்கு ஐந்தாறு பேட் வேண்டும்; ஒரு நாள் முழுக்கப் போகும்.

மேலே என்ன பூசுவது

கார்னௌபா வாக்ஸ் நம் வெயிலில் ஒன்று, ஒன்றரை மாதம் நிற்கும். சீலன்ட் நான்கைந்து மாதம். செராமிக் கோட்டிங் ஒழுங்காகப் போட்டால் ஆண்டுக் கணக்கு. கோட்டிங் போடுவதாக இருந்தால் முன்பு சொன்ன ஆல்கஹால் கரைசலால் எண்ணெயை முழுக்க எடுத்தபின், 60 செ.மீ. சதுரமாகப் பூசி, லேபிளில் சொன்ன நேரத்தில் சமப்படுத்த வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் அந்த நேரம் இன்னும் சுருங்கும். சமப்படாமல் விட்ட திட்டு சில மணி நேரத்தில் இறுகி, பாலிஷ் போட்டால்தான் போகும். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் கழுவக் கூடாது. துடைத்த துணி கண்ணாடித்துகள் போல இறுகிவிடும், தூக்கிப் போடுங்கள்.

9ஹெச் என்று விளம்பரத்தில் வருவது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. கல்லோ ஈரத்துணி மணலோ அதைப் படிப்பதில்லை. கல்லுக்கு எதிராக உதவுவது 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பிபிஎஃப் மட்டுமே. காரை முழுக்க ஒட்டப் பணம் இல்லாவிட்டால் முன் பம்பர், முன்மூடி, பக்கக் கண்ணாடிகள், பின் இடுப்பு ஆகியவற்றுக்கு ஒட்டுங்கள்.

இதன்பிறகு வாரம் ஒன்று அல்லது இரண்டுக்கு ஒருமுறை கழுவல், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெயின்டுக்கு அயர்ன் ரிமூவர். பாலிஷ் தேதி பார்த்துப் போடுவதல்ல. டார்ச் வெளிச்சத்தில் கீறல் கண்ணை உறுத்தும்போது கேஜை எடுங்கள், கவனமாகக் கழுவிய காருக்கு அது இரண்டு மூன்று ஆண்டு ஆகும். மைக்ரோஃபைபர் துணிகளைப் பருத்தியோடு சேர்க்காமல், துணிக்கான சாஃப்ட்னர் போடாமல், திரவ டிடர்ஜென்டில் 40 டிகிரிக்குள் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடிக் கொடியில் போட்ட மைக்ரோஃபைபர் தூசியை வாரிக்கொண்டுதான் இறங்கும்.